பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட பிரெஞ்சு

அந்நிய மொழியைக் கற்றுக்கொள்வது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. கற்றதைப் பேசிப் பார்க்க ஒரு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அதுவும் காரைக்குடி செக்காலையில் மிக்ஸி கிரைண்டர் பழுதுபார்க்கும் கடைக்காரருக்கு மகனாகப் பிறந்துவிட்டு, பிரெஞ்சு பேச ஆள் தேடி அலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டில் நான்தான் உதாரணம். காளையார்கோவிலில் என் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டிலும் நான்தான் உதாரணம்.

சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது. பி.காம். முடித்துவிட்டு அப்பா கடையில் மிக்ஸி ஜாருக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். கொத்தமங்கலத்தில் ஒரு பழைய பெரிய வீட்டை ஹோட்டலாக்கி, வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அங்கே வந்து தங்குகிறவர்களில் நிறையப் பேர் பிரான்ஸ்காரர்களாம். வாஷரிலிருந்து தப்பிக்க இதுதான் வழி என்று போனில் ஒரு ஆப்பை இறக்கிப் படிக்க ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் பூனை மேசைக்கு அடியில் இருக்கிறது என்பதையும், என் அத்தை பச்சை ஆப்பிள் சாப்பிடுகிறாள் என்பதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவேன். பேசத்தான் வராது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும்.

பேச்சுப் பயிற்சிக்கு யாரோ ஒரு புண்ணியவான் வீடியோவில் பல வழிகள் சொல்லியிருந்தான். கண்ணாடி முன் நின்று பேசு என்றான். பேசினேன். பையனுக்கு முகத்தில் என்னவோ வந்திருக்கிறது என்று அம்மா வேப்பிலை அரைத்துப் பூசிவிட்டாள். காதில் ஒலிக்கும் குரலின் பின்னாலேயே சொல்லிக்கொண்டு நட என்றான். மொட்டை மாடியில் நடந்தேன். பையன் யாரோ ஒரு பெண்ணோடு போனில் சண்டை போடுகிறான் என்று பக்கத்து வீட்டிலிருந்து தகவல் போனது. அந்த மொழிக்காரர்களையே தேடிப் பிடித்துப் பேசு என்றான். பழம்பொருள் கடைத் தெருவில் போய் நின்றேன். நான் கும்பிட்டதுமே வெள்ளைக்காரர்கள் எதையோ விற்க வருகிறேன் என்று நினைத்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டு ஓடினார்கள். ஒரே ஒருவர் மட்டும் நின்று, பூனை விஷயத்தையும் அத்தை விஷயத்தையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் பார்த்தால் அவர் ஸ்பெயின்காரர்.

மிச்சமிருந்தது கடைசி வழி. தாய்மொழியைச் சில நாளைக்கு அடியோடு மறந்துவிடு, தண்ணீரில் தள்ளிவிட்டால் நீச்சல் தானாக வரும் என்றிருந்தான். முதல் நாள் காலை காபி வரைக்கும்தான் தாக்குப்பிடித்தேன். காபியில் சீனி இல்லை என்று தெரிந்ததும் தமிழ் தானாக வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த விபரீத யோசனை தோன்றியது. எங்கள் வீட்டு ஆட்கள் எதையும் மன உறுதியால் விட்டதாகச் சரித்திரம் இல்லை. சாமிக்கு நேர்ந்துகொண்டுதான் விடுவோம். சித்தப்பா சிகரெட்டை விட்டது அப்படித்தான். பெரியம்மா கறியை விட்டது அப்படித்தான். திங்கட்கிழமை இன்டர்வியூ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தி, இன்டர்வியூ முடியும்வரை என் வாயில் ஒரு சொல் தமிழ் வராது என்று சத்தியம் பண்ணி, கையில் மஞ்சள் கயிறும் கட்டிக்கொண்டேன். (உலகத்திலேயே பிரெஞ்சுக்காக மஞ்சள் கயிறு கட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிள்ளையாருக்கும் அது புதுசாகத்தான் இருந்திருக்கும்.)

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விவரத்தைச் சொன்னதுதான் கடைசித் தமிழ். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சாமி காரியம் என்றால் அவள் ஆளே வேறு.

"என்ன கருமமோ, சாமிக்கிட்ட சொல்லிட்டேல்ல. இனிமே ஒரு வார்த்த தமிழ்ல பேசிப் பாரு, பிள்ளையார் விட்டாலும் நான் விடமாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமை முழுவதும் வெற்றிகரமாகப் போனது. உப்பு வேண்டும் என்றால் கையைக் காட்டினேன். மற்றதெல்லாம் பிரெஞ்சில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரெண்டு நாளாவது வீடு நிம்மதியாக இருக்கட்டும் என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது வினை.

அக்காவுக்குக் காளையார்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்குச் சிவகங்கையில் அரசாங்க வேலை. ஜாதகம் பொருந்தி, போட்டோ கைமாறி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அக்கா அந்த போட்டோவைப் பார்க்காத மாதிரியே தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் வந்த வரன்களையெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தள்ளியவள், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் அது புரிந்திருந்தது.

அன்றைக்குக் காரைக்குடியில் ஒரு வளைகாப்புக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார், வந்ததுதான் வந்தோம், ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போவோம் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள். அப்பா கடையில். அம்மா கொல்லையில் மீன் உரசிக்கொண்டிருந்தாள். அக்கா மாடியில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தது நான்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்தவரை 'வாங்க' என்று கேட்பது. பொத்தாம்பொதுவாக ஒரு வாங்க போதாது. வந்தவர் ஒவ்வொருவரையும், வீட்டில் இருப்பவர் ஒவ்வொருவரும், முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். சோறு போட மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். கேட்க மறந்தால் தீர்ந்தது. எங்கள் சின்னம்மாவை ஒரு காதுகுத்தில் யாரோ கேட்காமல் விட்டுவிட்டார்கள். காது குத்திய குழந்தைக்குக் கல்யாணமே ஆகிவிட்டது, சின்னம்மா இன்னும் அந்த வாசலை மிதிக்கவில்லை.

வாசலில் பட்டுச்சேலையில் ஒரு அம்மா, பெரிய மீசையோடு அவருடைய அண்ணன், இருவருக்கும் பின்னால் ஒரு இளைஞர். போட்டோவில் கோட்டுப் போட்டிருந்த அதே முகம். நாக்கு நுனிவரை வந்த 'வாங்க'வை மஞ்சள் கயிறு பிடித்து நிறுத்தியது. கையெடுத்துக் கும்பிட்டு, "பியன்வெனு" என்றேன். பிரெஞ்சில் அதுதான் வரவேற்பு.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மீசைக்காரர் அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். கடையில் இருக்கிறார், உள்ளே வந்து உட்காருங்கள் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவர் சூரத்தில் பல வருஷம் இருந்தவராம். பையன் வடநாட்டுக்காரன் என்று முடிவுகட்டி, கனத்த குரலில் இந்தியில் ஆரம்பித்தார். எனக்கு இந்தி தெரியாது. நான் பிரெஞ்சில் பதில் சொன்னேன். அவர் இன்னும் சத்தமாக இந்தி பேசினார். நானும் சத்தமாக பிரெஞ்சு பேசினேன். அம்மாவைக் கூப்பிடலாம் என்றால் அம்மா என்பதும் தமிழாயிற்றே. "மமோன்" என்று கொல்லைப்பக்கம் பார்த்துக் கத்தினேன். அது தன்னைத்தான் என்று மீன் உரசிக்கொண்டிருக்கிற அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

வீடு மாறி வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று அவர்கள் தெருவில் இறங்கினார்கள். நான் பிரெஞ்சில் கெஞ்சிக்கொண்டே பின்னால் ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றிருந்தார். அவரிடம் மீசைக்காரர் விசாரித்தார்.

"வீடு அதுதாங்க. அது அவுக மகன்தான். நேத்துலருந்து இப்படித்தான் இருக்கு" என்றார் அவர். சொன்ன கையோடு சுவருக்கு மேலே எட்டி அம்மாவுக்கும் குரல் கொடுத்தார்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் இப்போது விஷயம் வேறு. முன்பு வாங்க என்று கேட்காதவன் யாரோ ஒரு வடநாட்டுப் பையன். இப்போது கேட்காதவன் பெண்ணின் உடன்பிறந்த தம்பி. மாப்பிள்ளையின் அம்மா படியில் ஒரு காலை வைத்து அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா கையெல்லாம் மீன் செதிலோடு ஓடிவந்தாள். மூவரையும் தனித்தனியாக வாங்க வாங்க என்று கேட்டாள். அந்த அம்மா அசையவில்லை. பார்வை என்மேலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் அம்மா உண்மையைச் சொன்னாள். சாமிக்கு நேர்ந்திருக்கிறான், நாளை வரைக்கும் தமிழ் பேசமாட்டான்.

"தமிழ் பேசமாட்டேன்னு எந்தச் சாமிக்கு நேர்ந்துக்குவாக?" என்றார் மீசைக்காரர்.

"பிள்ளையாருக்கு" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவளுக்கும் அது சரியாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா தன் அண்ணனிடம் மெதுவாக, ஆனால் எங்களுக்கும் கேட்கும்படி, இந்த வீட்டில் இதற்கு முன்னால் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்க வேண்டும் என்றார். என் வேலை போனால் போகிறது. வாய் திறந்து ஒன்றும் கேட்காமல் அந்த போட்டோவை வைத்துக்கொண்டிருந்த அக்காவை நினைத்து மாடிப்படியைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை, பாவம், உதவி செய்யப் பார்த்தார். போனை என் வாய்க்கு அருகே நீட்டி, பேசுங்க, இது தமிழில் சொல்லிவிடும் என்றார். அப்பா கடையில் இருக்கிறார், அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள், தயவுசெய்து நாற்காலியில் உட்காருங்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். போனிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது: "அப்பா ஒரு கடை. அம்மா ஒரு மீன். தயவுசெய்து நாற்காலியைச் சாப்பிடுங்கள்."

ஆறு மாதமாக நான் படித்து வந்த பிரெஞ்சின் லட்சணம் அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பதறிப்போய் "பியன்வெனு" என்று மட்டும் சொன்னேன். போன் "நல்வரவு" என்றது.

"செல்லு கேட்டாப் போதுமா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "தம்பி வாயால கேக்கட்டும்."

அம்மா என் விலாவில் கிள்ளினாள். பேசு என்று கிள்ளுகிறாளா, பேசாதே என்று கிள்ளுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது. ஒரு பக்கம் பிள்ளையார், ஒரு பக்கம் சம்பந்தி. நான் நடுவில் திறந்த வாயோடு நின்றேன்.

அப்போதுதான், மாடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்ட அக்கா இறங்கி வந்தாள். ஈரத்தலையில் சுற்றிய துண்டு, பழைய நைட்டி, நெற்றியில் பொட்டுகூட இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் பார்க்கக் கூடாத கோலம். யாரையும் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து, மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பிள்ளையார் கோவிச்சுக்கிட்டா ஒரு தேங்காய ஒடச்சுச் சமாதானம் பண்ணிக்கலாம். இவுக கோவிச்சுக்கிட்டா என்னால சமாதானம் பண்ண முடியாது. கேளுடா" என்றாள்.

கேட்டேன். பழக்க தோஷத்தில் முதலில் ஒரு பியன்வெனுதான் வந்தது. அதன் பிறகு உடைப்பெடுத்த கண்மாய்போல வாங்க, வாங்க, வாங்க என்று எல்லோரையும் கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தபடி படியேறினார்.

கேட்ட வேகத்தில், தெருவில் காத்திருந்த ஆட்டோக்காரரையும் கேட்டிருக்கிறேன். அவரும் மரியாதையாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நாங்கள் நினைத்தோம். வழியெல்லாம் அவர் முதுகை மட்டுமே பார்த்து வந்த அவர்கள், எங்கள் வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். காபி குடித்துவிட்டு, பொண்ணு வெவரமா இருக்கு, பேசாம முடிச்சிருங்க என்று முதலில் சம்மதம் சொன்னவர் அவர்தான். மீசைக்காரர் அதை எங்கள் பக்கத்துப் பெரியவர் பேச்சாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அப்பா கடையிலிருந்து வந்து சேர்வதற்குள் பேச்சு முடிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போனேன். மேனேஜருக்கு பிரெஞ்சு தெரியாது. பிரெஞ்சு பேசுவதற்குப் பாண்டிச்சேரியிலிருந்து ஆள் வந்தாயிற்றாம். வாசலில் நிற்கத்தான் ஆள் வேண்டுமாம். வேலை என்ன என்று கேட்டேன்.

"விருந்தாளி வந்தா கும்பிட்டு, நம்ம ஊரு முறையில வாங்கன்னு கேக்கணும். தமிழ்லதான். அவுகளுக்கு அதுதான் பிடிச்சிருக்கு" என்றார். "ஒங்களுக்குக் கேட்டுப் பழக்கம் உண்டுல்ல?"

உண்டு என்றேன். வேலை கிடைத்தது, இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். வருகிற பிரான்ஸ்காரர்கள் தமிழ் பேசிப் பழக ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். பூனை மேசைக்கு அடியில் இருக்கிறது என்று தமிழில் சொல்லி, சரியா என்று கேட்கிறார்கள். நான் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஸ்பெயின்காரரை அப்போது நினைத்துக்கொள்வேன்.

மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால் இன்றைக்கும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நிற்பார். வாங்க மச்சான் என்று எத்தனை தடவை கேட்டாலும் நகரமாட்டார். பியன்வெனு என்று சொன்னால்தான் உள்ளே வருவார். அவருடைய அம்மாவுக்கு இரண்டும் சொல்ல வேண்டும், அதுவும் என் வாயால்.

அக்கா மகள் இதையெல்லாம் பார்த்து வளர்கிறாள். காளையார்கோவிலில் வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலுக்கு ஓடிப்போய்க் கைகூப்பி "பியன்வெனு" என்கிறாள். கீரைக்காரம்மாவும் கேஸ் சிலிண்டர்காரரும் பதிலுக்கு பியன்வெனு சொல்லிவிட்டுத்தான் படியேறுகிறார்களாம். நான் பிரெஞ்சு பேச ஆள் தேடி அலைந்தது போய், இப்போது அங்கே ஒரு தெருவே பேசுகிறது. அது தமிழ் இல்லை என்று அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.