அடிச்சாக்கர் கேட்ட கழிவு

இந்தப் பூமியில் யாரையும் எதையும் நம்பாத மனிதர்களை வரிசையில் நிறுத்தினால், எங்கள் சுன்னாகம் அடிச்சாக்கர்தான் முதலாவதாக நிற்பார். நின்றபடியே, வரிசையைச் சரியாக எண்ணினார்களா என்று இரண்டு தடவை திரும்பியும் பார்ப்பார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சந்தையில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. அவர் வெங்காய வியாபாரி. தோட்டக்காரர் கொண்டுவரும் சாக்கின் வாயில் இருக்கும் வெங்காயத்தைப் பார்க்கவே மாட்டார். தோள்மூட்டு வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஐந்தாறு வெங்காயத்தைப் பிடுங்கி எடுத்து, அவற்றை வைத்துத்தான் விலை சொல்வார். பழக்கம் சந்தையோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது. பத்திரிகை வாங்கினால் கட்டின் நடுவிலிருந்து உருவுவார். கலியாண வீட்டில் சோற்றைக் கிளறி இலையின் அடியைப் பார்ப்பார். கோயிலில் அர்ச்சனை முடிந்ததும், "ஐயா, என்ன நட்சத்திரம் சொன்னனீங்கள்?" என்று குருக்களை மறித்துக் கேட்பார்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முதன்முதலில் அவரிடம் ஒரு கிலோ வெங்காயம் வாங்கியபோது, நான் கொடுத்த தாளை அவர் மூன்று தடவை வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவர் தந்த மிச்சத்தை நான் நான்கு தடவை எண்ணினேன். அன்றிலிருந்து பத்தொன்பது வருடப் பழக்கம்.

அவருக்கு ஒரே மகள், நிரோஜா. பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. ஒன்பது வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. வலைப்பந்து ஆடும்போது அது உடைந்தது மூன்று தடவை. மூன்றாவது தடவை கண்ணாடிச் சில்லு புருவத்துக்குக் கீழே வெட்டி, நான்கு தையல். வெட்டுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவுதான் இடைவெளி. அதற்குப் பிறகுதான் லேசர் சிகிச்சை செய்யப்போவதாக அவள் சொன்னாள்.

"என்ரை சம்பளக் காசு அப்பா. சேர்த்து வைச்சிருக்கிறன்."

"காசு உன்ரை. கண் ஆற்றை? நான் தந்தது."

"தந்தது பழுதெண்டுதானே திருத்தப் போறன்!"

பள்ளிக்கூட விடுமுறை முடிவதற்குள் ஒரு முடிவு சொல்லாவிட்டால் தனியாகவே போய்ச் செய்துகொள்வேன் என்று அவள் தவணையும் வைத்துவிட்டாள். விடுமுறை முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது. அடிச்சாக்கர் ஒரு லேசர் சிகிச்சை விளம்பரத் துண்டோடு என் வீட்டுக்கு வந்தார். கடன் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து, நான் பயத்தில் கதவைப் பாதிதான் திறந்தேன்.

"மாஸ்டர், விலைக்குப் பின்னாலை 'இலிருந்து' எண்டு போட்டிருக்கிறாங்கள். எதுவரைக்கும் எண்டு போடேல்லையே?"

நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். அதற்கும் கீழே, எறும்பு போல, 'ஒரு கண்ணுக்கு' என்று இருந்தது.

"ஒரு கண்ணை மட்டும் ஆர் செய்யிறது? உவங்கள் செருப்பையும் ஒற்றை ஒற்றையாவோ விக்கிறாங்கள்?"

அடுத்த நாளே விசாரிக்க யாழ்ப்பாணம் போனோம். விளம்பரம் போட்ட கொழும்பு வைத்தியசாலையின் ஒரு சின்ன அலுவலகம். ஏழு நாற்காலி, இரண்டு நிமிடம் பிந்திய ஒரு மணிக்கூடு. கழுத்துப்பட்டி கட்டிய தம்பி ஒருவர் குளிர்பானம் தந்தார். சும்மா தந்ததால் அடிச்சாக்கர் அதைத் தொடவில்லை. பரிசோதனைக்குத் தனிக்காசு, சொட்டு மருந்துக்குத் தனிக்காசு, பிறகு காட்ட வரும் ஒவ்வொரு தடவைக்கும் தனிக்காசு என்று, நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்து நான் கூட்டிப் பார்த்தபோது விளம்பர விலை இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. அடிச்சாக்கர் அதற்கு அசையவில்லை. வேறொன்று கேட்டார்.

"தம்பி, கழிவு எவ்வளவு?"

எங்கள் சந்தையில் தோட்டக்காரர் நூறு கிலோ கொண்டுவந்தால், அழுகலும் தூசியும் போகும் என்று பத்துக் கிலோவைக் கழிவாகத் தள்ளிவிட்டு, தொண்ணூறுக்குத்தான் காசு கொடுப்பார்கள். அந்தக் கழிவுக்காகத் தோட்டக்காரரிடம் ஆயுள் முழுக்கத் திட்டு வாங்கியவர் அடிச்சாக்கர். தம்பி விழித்தார்.

"நூறு கண் செய்தால் எத்தினை கண் பழுதாப் போகும் எண்டு கேக்கிறன்."

"ஐயோ, ஒண்டும் போகாது ஐயா! நூற்றுக்கு நூறு!"

அடிச்சாக்கர் எழுந்துவிட்டார். "வாங்கோ மாஸ்டர், போவம்."

வாசலில் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் காணும் பாதியிலை எழும்பினீர்? இன்னும் மூண்டு கேள்வி இருந்தது."

"கழிவில்லாத சாக்கை நான் காணேல்லை மாஸ்டர். கழிவில்லை எண்டு சொல்லுறவன்ரை சாக்கிலை அடியிலை கல்லிருக்கும். இருபத்தைஞ்சு வருசம் கழிவு எடுத்தவன் சொல்லுறன்."

இப்படி நான்கு இடத்தில் கேட்டார், இரண்டில் நேரிலும் இரண்டில் தொலைபேசியிலும். நான்கிலும் நூற்றுக்கு நூறு. விடுமுறை முடிய ஐந்து நாள் இருக்கையில், பொறுக்க மாட்டாமல் நிரோஜாவே கொழும்புக்கு மூன்று ரயில் சீட்டு எடுத்துவிட்டாள். மூன்றாவது எனக்கு. நான் கேட்கவில்லை.

கொழும்பில் ஒரு பெண் வைத்தியர். அவரிடமும் அடிச்சாக்கர் அதே கேள்வியைக் கேட்டார். நிரோஜா வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள். வைத்தியர் பேனாவை மேசையில் வைத்தார்.

"நல்ல கேள்வி ஐயா. முதல்லை கருவிழியின்ரை தடிப்பை அளக்கவேணும். மெல்லிசெண்டால் செய்யமாட்டம், திருப்பி அனுப்பிடுவம். பரிசோதனைக் காசு திரும்ப வராது. செய்தால் கொஞ்ச மாசம் கண் வறளும். சிலபேருக்கு இரவிலை வெளிச்சம் பரந்து தெரியும். சிலபேருக்குத் திரும்பவும் செய்யவேண்டி வரும். ஒரு வருசத்துக்குள்ளை எண்டால் அதுக்குக் காசில்லை. கிருமி தொற்றிறது அரிது, ஆனால் வராதெண்டு சொல்லமாட்டன். நாற்பதுக்கு மேலை வாசிக்கிற கண்ணாடி எப்பிடியும் வேணும், லேசர் அதைத் தடுக்காது."

நான் அந்தக் கழிவை ஆறு வரியில் எழுதினேன். அடிச்சாக்கர் அந்தக் கடதாசியை வாங்கிப் பார்த்தார். அவருக்கு என் எழுத்து விளங்காது. ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்.

"அளந்து பாருங்கோ டொக்டர்," என்றார்.

கருவிழி போதிய தடிப்பு என்று வந்தது. அடுத்த நாள் காலையில் நிரோஜா உள்ளே போகுமுன், "அப்பா, இப்பவாவது வாயாலை ஓமெண்டு சொல்லுங்கோ," என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கதவு மூடியதும் மடியிலிருந்து ஒரு காசுக் கட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "கட்டிப்போட்டு வாங்கோ மாஸ்டர். அவளின்ரை காசு அவளுக்குச் சொட்டு மருந்துக்கு இருக்கட்டும்."

காசாளர் முன்னால் நின்று மூன்று தடவை எண்ணினேன். ஆயிரம் ரூபாய்த் தாள் இரண்டு கூடுதலாக இருந்தது. கட்டிவிட்டு வந்து அந்த இரண்டையும் நீட்டினேன்.

"ஓம், தெரியும்," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்தொன்பது வருசம் பழகியும் என்னைச் சோதிக்கிறீரோ?"

"சோதிக்கேல்லை மாஸ்டர். நீங்களும் காலமை தொடக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை. சும்மா தந்தால் வாங்கமாட்டியள். உந்த இரண்டிலை சாப்பிட்டிட்டு வாங்கோ."

இதை நான் இன்றுவரை முழுதாக நம்பவில்லை. என்றாலும் பசித்தது. கீழே போய் இரண்டு தோசையும் ஒரு தேத்தண்ணியும் முடித்துவிட்டு, மேலே வந்தேன். கண்ணுக்கு மேல் ஒளி ஊடுருவும் மூடிகளோடு நிரோஜா வெளியே வந்திருந்தாள்.

"அப்பா, உங்கடை சேட்டிலை மேல் பொத்தான் இல்லை," என்றாள்.

அவர் பொத்தான் இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டு நின்றார். நான் தோசைக் காசு போக மிச்சத்தை அவர் கையில் வைத்தேன். அவர் மகளையே பார்த்தபடி அதை எண்ணாமல் மடியில் செருகினார். பத்தொன்பது வருடத்தில் அந்த ஒரு தடவைதான். நான் எண்ணியிருக்கிறேன்.