பரிசலில் குடியிருந்தவர் மேல் வந்த புகார்

ரகசியம் காக்கும் திறமை எனக்குச் சுத்தமாகக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே அது ஊருக்குத் தெரிந்துபோனது.

பவானிக் கரையில் ஒரு பேரூராட்சி அலுவலகம். படித்துறையில் பரிசல் கட்ட நாங்கள்தான் அனுமதி கொடுப்போம். கருப்பணன் என்பவர் பரிசலைக் கட்டி அதிலேயே குடியிருக்கிறார், அனுமதியை ரத்து செய்யவும் என்று ஒரு மனு வந்தது. ரத்தானால் அவர் மீன்பிடித் தொழிலும் போச்சு.

"நேர்ல விசாரிச்சுட்டு வாங்க அம்மணி. மனு குடுத்தவங்க பேரு மட்டும் வெளிய போகக்கூடாது" என்றார் அதிகாரி.

போனேன். தார்ப்பாய்க்குக் கீழே அடுப்பு, பாய், கொடியில் வேட்டி. அறுபது வயதுக்காரர் எழுந்து கும்பிட்டார்.

"ஏனுங் அம்மணி, கரைல நின்னுட்டா பேசறது? ஏறி உக்காருங்க."

கூப்பிட்ட பிறகு மறுத்தால் மரியாதையா? (துடியலூர்க்காரியான நான் அதுவரை இறங்கிய பெரிய நீர்நிலை எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.) நேராக விளிம்பில் கால் வைத்தேன். பரிசல் சாய்ந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில். ஃபைல் ஆற்றோடு.

பாவம், அவர் குதித்துப்போய் மனுவை மீட்டு, அடுப்போரம் விரித்து உலர்த்தினார். குனிந்து எழுத்தை உற்றுப் பார்த்தார்.

"இது எம்பட ஊட்டுக்காரி எழுத்தாச்சுங்களே!"

மனு கொடுத்தது அவர் மனைவி, இருவருக்கும் ஒரே முகவரி என்பதைக்கூட நான் பார்க்கவில்லை. முதல் இரண்டு வரிக்கு மேல் படித்தால்தானே!

அவர் கடைசி வரைக்கும் உரக்கப் படித்தார்: "குறட்டை விடுகிறீர்கள் என்று நான் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர் ஒரு மாதமாக வரவில்லை. அவருக்கு இளைப்பு உண்டு, ஆற்றுக் குளிர் ஆகாது. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கும் தூக்கம் வருவதில்லை. ஐயா தயவுசெய்து அவரைப் பரிசலிலிருந்து அப்புறப்படுத்தித் தரவும்."

"இதைய எங்கிட்டயே சொல்லியிருக்கலாமில்லீங்க?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரே பாயைச் சுருட்டினார்.

மறுநாள் இருவரும் சேர்ந்து வந்து மனுவை வாபஸ் வாங்கினார்கள். அனுமதி தப்பியது. எனக்கு மட்டும் மெமோ. 'பெயரை நான் சொல்லவில்லை ஐயா, விழுந்தேன்' என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

இன்றும் காலையில் நான் "ராத்திரி பூராக் குறட்டை" என்று ஆரம்பித்தால் போதும், என் கணவர் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "பரிசல் எங்க நிக்குது?" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். போய்த் தொலையுங்கள் என்று சொல்ல மட்டும் எனக்கு இதுவரை வாய் வந்ததில்லை.