நாற்காலியில் உட்கார்ந்திருந்த போன் கைதான விவரம்

அன்பும் மரியாதையும் மிகுந்த கிளாரா அத்தைக்கு,

போர்ட் பிளேர் மின்னி பே பகுதியிலிருந்து சோபியா எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம்; என் முழங்கால்கள் மட்டும் வழக்கம்போல. தூத்துக்குடியில் உங்கள் சர்க்கரை அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் முதல் வரியிலேயே அழுதுவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஞாயிறு பூசை பார்க்க நீங்கள் வாங்கி அனுப்பிய போன் நன்றாக இருக்கிறது. நடுவில் கொஞ்ச நேரம் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தது.

பதறாதீர்கள். சென்னை ஆஸ்பத்திரிக்குப் போக எனக்குக் கப்பலில் சலுகை டிக்கெட் வேண்டும். நடக்க முடியாதவர்கள் அதை நேரில் வந்துதான் வாங்க வேண்டுமாம். கப்பல் ஆபீஸ் கவுண்டர் மாடியில். லிஃப்ட் கிடையாது. இதை யோசித்த ஆளுக்கு மாலை போடலாம் என்றால் அவரும் மாடியில்தான் இருக்கிறார். "கவுண்டரைக் கீழே இறக்கு" என்று அந்த வாசலில் தர்ணா. மூன்று சக்கர ஸ்கூட்டர் ஓட்டும் யோகராஜ் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். வர முடியாதவர்களுக்காக ஆளுக்கொரு போன் அதில் உட்கார்ந்தது. உங்கள் போன் முதல் நாற்காலியில். நான் கட்டிலில் இருந்து அப்பா போனில் வீடியோ கால். டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்த ஷோபனா அக்காவும் தன் வீட்டிலிருந்து கோஷம் போட்டார். அது நெட்வொர்க்கில் சிக்கி, கூட்டம் அடுத்த கோஷத்துக்குப் போன பிறகு வந்து சேர்ந்தது.

அப்புறம் போலீஸ் வந்தது. கலையச் சொன்னார்கள். யோகராஜ் அண்ணன் ஸ்கூட்டரைத் திருப்புவதற்குள், அதிகமாகச் சத்தம் போட்டது யார் என்று பார்த்து, உங்கள் போனை எடுத்து வேனில் ஏற்றிவிட்டார்கள். நான் வேனுக்குள்ளிருந்தும் கத்தினேன். "சுப் கரோ!" என்று இந்தியில் வாயை மூடச் சொல்லி ஒருவர் என் முகத்தைக் குப்புறக் கவிழ்த்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டே, "ஏளா, நம்ம குடும்பத்துல மொத கைது நீதாம்ளா. அதுவும் கட்டில விட்டு எறங்காம!" என்றார். பெருமைதான், காட்டிக்கொள்ளவில்லை.

ஸ்டேஷனில்தான் அத்தை, நீங்கள் வந்தீர்கள். எனக்காக அலாரத்தில் உங்கள் குரலைப் பதிந்து வைத்தீர்களே, அது அடித்தது. "ஏளா மூதேவி, மாத்திரைய முழுங்குனியா இல்லியா? ஊர் நியாயம் பேசத் தெரியுது, ஒரு மாத்திரை போடத் தெரியலியா?" இன்ஸ்பெக்டரே எழுந்து நின்றுவிட்டாராம். ஜெயலட்சுமி என்று ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள், "ஐயோ, காலைல பிரஷர் மாத்திரை போடலயே!" என்று பையைத் துழாவி முழுங்கிவிட்டு, போனை நிமிர்த்தினார்.

"யாரும்மா அது?"

"அத்தை."

"எங்கம்மா போனப்புறம் என்னைய யாரும் இப்படித் திட்டல." பிறகு இந்தியில் இன்ஸ்பெக்டரிடம், "சாப், பீமார் லட்கி கா ஃபோன் ஹை, சோட் தீஜியே," என்றார்; நோயாளிப் பெண்ணின் போன், விட்டுவிடுங்கள் என்று. போனை எந்தச் சட்டத்தில் உள்ளே வைப்பது என்று அவருக்கும் குழப்பம். விட்டுவிட்டார்கள். ஜெயலட்சுமி அக்கா துடைத்து, சார்ஜ் போட்டு, யோகராஜ் அண்ணனிடம் கொடுத்தார். வேனில் போன் ஏறிய வீடியோ ஊரெல்லாம் சுற்றியதில் வெட்கப்பட்டு, கவுண்டரைக் கீழே இறக்குவதாக ஆபீசிலும் சொல்லிவிட்டார்கள்.

அத்தை, கோயிலுக்கோ கப்பலுக்கோ என்னை யாராவது தூக்கித்தான் பழக்கம். மூட்டையை இறக்குகிற மாதிரி இறக்கிவிட்டு, புண்ணியம் சேர்ந்துவிட்டது என்று கையைத் தட்டிக்கொண்டு போவார்கள். அன்றைக்குத்தான் யாரும் தூக்காமல் வெளியே போனேன். போலீஸ் தூக்கியது வேறு கதை. அப்படி வெளியே போக வைத்த போனுக்கு உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். போன் அனுப்பும்போதே நீங்கள் கேட்டபடி, இனிமேல் இந்தப் போனில் பூசை தவிர எதுவும் இல்லை, சத்தியம்.

பனிமய மாதா உங்கள் சர்க்கரையைக் காக்கட்டும். சென்னை வரும்போது உங்கள் மீன்குழம்புக்கு அப்படியே தூத்துக்குடிக்கும் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
சோபியா

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது யோகராஜ் அண்ணன் வந்தார். கவுண்டர் கீழே வந்துவிட்டதாம். கையெழுத்துப் போடுகிற ஆபீசர் மாடியிலேயே இருக்கிறாராம். திங்கட்கிழமை மறுபடி நாற்காலி போடுகிறோம். மேலே சொன்ன சத்தியத்தை அடித்துவிடுங்கள். அந்த ஆபீசரை என்னைத் திட்டுகிற மாதிரியே நன்றாகத் திட்டி, பதிந்து அனுப்புங்கள். ஸ்பீக்கர் ஏற்பாடு செய்துவிட்டோம்.