உதயரூபனின் பாலைக் கட்டைகள்

விறகு சேர்க்கும் மனிதர் என்றொரு இனம் நம்மிடையே உலாவுகிறது. விறகு எரிக்கும் மனிதரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எரிப்பவரிடம் போன விறகு சோறாகிவிடும்; கதை முடிந்தது. சேர்ப்பவரிடம் போன விறகோ விறகாகவே இருக்க வேண்டும், இன்றைக்கும், நாளைக்கும், முடிந்தால் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும். இவரை எப்படிக் கண்டுபிடிப்பது? மிகவும் சுலபம். அவர் வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி வருவதற்கு முன்னரே உங்களைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஆரையம்பதியில் வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் உதயரூபன். அரச அலுவலகத்தில் இலிகிதர். எரிவாயுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், வெறும் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு விடியமுன் வரிசைக்குப் போய், பொழுதுபட அதே வெறும் சிலிண்டரோடு வீடு திரும்பிய பல்லாயிரம் பேரில் அவரும் ஒருவர். அப்படித் திரும்பி வந்த ஒரு நாள், வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முன்வீட்டு மங்கையற்கரசி அக்கா வேலிக்கு மேலால் ஒரு கட்டு விறகு நீட்டியிருந்தார். அந்தச் சோற்றை உதயரூபன் பாதியில் தள்ளி வைத்தார். ஒரு நேர உலைக்கு அயல்வீட்டில் கையேந்த வேண்டியதாகிவிட்டதே என்று மனம் பொருமியது. இனி ஒரு கஷ்டம் வந்தால் கொடுக்கிற கை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு கட்டினார். நல்ல முடிவுதானே? கெட்டுப்போன மனிதர்களில் பாதிப்பேர் நல்ல முடிவுகளால் கெட்டவர்கள்தான்.

அடுத்த கோடையில் ஏறாவூர் விறகு வியாபாரி ஆதம்பாவா, லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டி நிறையப் பாலை மரக் கட்டைகளோடு ஒழுங்கைக்குள் நுழைந்தார். உன்னிச்சைப் பக்கத்து வயல் வட்டையொன்றில் காற்றுக்குச் சாய்ந்த மரம். உதயரூபன் உடனே வாங்கிவிடவில்லை. கட்டையை வீட்டுத் திறப்பால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். முகர்ந்தார். வெட்டுவாயை நுனிநாக்கால் தொட்டுப் பார்த்து, ஏதோ விளங்கியவர்போலத் தலையாட்டினார். என்ன விளங்கியது என்று இன்றுவரை அவருக்கும் தெரியாது.

"எப்படி சேர், மணிச்சத்தம் கேக்குதா?"

"கேக்குது காக்கா."

"ராவைக்கு அடுப்புல வெச்சா சுபஹுத் தொழுகைக்கும் கனலா இரிக்கும். இந்த மாதிரி மரத்தச் சும்மா எரிக்கப்படாது சேர்."

"அதத்தான் நானும் நினைக்கிறன்" என்றார் உதயரூபன். ஆதம்பாவா வாழ்நாளெல்லாம் தேடிய வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார்.

மனைவி மேனுகாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "இஞ்ச பாருங்க, பச்சையா இருக்கக்குள்ளேயே ஒரு ஆளப் புடிச்சுக் கொத்திப் போடுங்க. மறுகா காஞ்சா கோடாலி ஏறாது."

"கொத்திப் போட்டா நீ எரிச்சிருவாய்."

"கொள்ளி விறக எரிக்காம என்ன செய்யிற?"

உதயரூபன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். இப்படிக் கேள்வி கேட்பவர்களோடு அவர் பேசுவதில்லை.

பிறகு தொடங்கியது சேமிப்பு வைபவம். பின்வளவில் மண் கொட்டி மேடாக்கி, மேட்டின் மேல் பெட்டிப் பலகையால் தளம் அடித்து, நாலு பக்கமும் கம்பு நட்டு, மேலே புதுத் தகரம் போட்டு, சாரல் அடிக்காமல் சுற்றிவரத் தென்னங்கிடுகு கட்டி, கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் காற்றுப் போக அடுக்கி முடித்தபோது, அவர்கள் குடியிருந்த வீட்டைவிட அந்தக் கொட்டில் மழை ஒழுக்கில்லாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடிக்கட்டையை மேலேயும் மேல்கட்டையைக் கீழேயும் மாற்றுவார். கோடைக்குக் கோடை இன்னொரு பெட்டி வந்து இறங்கியது. மேனுகா வழக்கம்போலத் தேங்காய்ப் பொச்சையும் சிரட்டையையும் ஓலைமட்டையையும் ஊதிக் கண் சிவந்தாள். எரிவாயு தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் கட்டை வருவது நிற்கவில்லை.

"ஒரு கட்டை எடுக்கட்டா?"

"மாரிக்கு இருக்கட்டும்."

மாரி வந்தது. "இதென்ன மாரி, தூறல்" என்றார். தைப்பொங்கலுக்குக் கேட்டாள். "பொங்கலுக்கு எதுக்குப் பாலை, மட்டை போதும்" என்றார். இவரைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கடன் கேட்டால் கொடுப்பார்; இரத்தம் கேட்டால் கையை நீட்டுவார். விறகு மட்டும் கேட்கக் கூடாது.

போன கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வாவி கரையேறி ஒழுங்கைக்குள் வந்து, முற்றங்களைத் தாண்டி வீடுகளுக்குள் புகுந்தது. ஒழுங்கை முழுவதிலும் தண்ணீர் ஏறாத இடம் ஒன்றே ஒன்று: விறகுக்காக மண் கொட்டி உயர்த்திய உதயரூபனின் பின்வளவு. அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் பிள்ளைகளையும் பாய்களையும் ஆடுகளையும் தூக்கிக்கொண்டு அங்கே ஏறியது. எல்லாருக்கும் தேத்தண்ணி வைத்ததில் மேனுகா மேட்டுக்குத் தூக்கிவந்த சிலிண்டர் முடிந்தது. வீதி தண்ணீருக்குள், கடைகள் பூட்டு; பொச்சும் மட்டையும் நனைந்து ஊறிவிட்டன. மங்கையற்கரசி அக்கா தலையில் சுமந்து வந்த அரிசி மூட்டை இருந்தது. பெரிய கிடாரம் இருந்தது. மழையும் சற்றே விட்டிருந்தது. எல்லாருடைய கண்ணும் கொட்டிலின் மேல் போய் நின்றது.

"தம்பி, புள்ளைகள் காலையில இருந்து ஒண்டும் திங்கல்ல. கொள்ளி எடுக்கட்டா?" என்று கேட்டார் மங்கையற்கரசி அக்கா.

இந்தக் கேள்விக்காகத்தானே அவர் இத்தனை காலம் காத்திருந்தார்? கேட்பவர் அக்காவாகவும் கொடுப்பவர் தானாகவும் இருக்கும் இந்தக் காட்சியை எத்தனை தடவை மனசுக்குள் நடத்திப் பார்த்திருப்பார்! இப்போது வாய் திறக்கிறதா? இல்லை. இதைவிடப் பெரிய வெள்ளம் ஒன்று வந்தால் என்ன செய்வது என்று அந்த மண்டை கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குழந்தை பசியில் சிணுங்கியது. உதயரூபனுக்குத் தன்னை நினைக்கவே வெட்கமாகிவிட்டது.

"எடுங்கக்கா. எல்லாத்தையும் எடுங்க" என்றார்.  கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்தது.

நிறைந்த நெஞ்சு ஒரு கோடாலி வெட்டு வரைக்கும்தான் தாங்கியது. மேசன் வேலை செய்யும் டிலக்சன் ஓங்கிப் போட்ட முதல் வெட்டு ணங்கென்று துள்ளித் திரும்பியது. கட்டையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடு. இன்னொன்று போட்டான். கோடாலிப் பிடி முறிந்தது.

"அண்ணே, இது மரமா, ரயில் தண்டவாளமா?"

முழுக்கட்டையாகவே அடுப்புக்குள் தள்ளிப் பார்த்தார்கள். கிடாரத்தைவிடக் கட்டை பெரிது. புகை வந்ததே தவிர நெருப்பு வரவில்லை. மெசின்வாள் வைத்திருந்த ஆள் வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில். கனலாக நிற்கும் மரம் கல்லாக நின்றது. மலையளவு விறகுக்கு நடுவில் அரிசி பச்சையாகக் கிடந்தது.

மேனுகா புருசனைப் பார்க்கவில்லை. கொட்டிலைப் பார்த்தாள்.

"கட்டைய விடுங்க. கட்டைட வீட்டப் பாருங்க" என்றாள்.

தகரத்துக்குக் கீழே உட்பக்கம் மொறுமொறுவென்று காய்ந்த கிடுகு. பஞ்சுபோன்ற பெட்டிப் பலகை. நனையாத கம்புகள்.  யாரும் தொடுமுன் உதயரூபனே போய் முதல் கிடுகைப் பிய்த்தார். பிய்க்கப் பிய்க்க ஒரு வெறி பிடித்துவிட்டது. கட்டைகளை உருட்டி வெளியே விட்டுவிட்டு, தளத்தைப் பெயர்த்து, கம்பைப் பிடுங்கி, தன் கையால் கட்டிய மாளிகையைத் தன் கையாலேயே அடுப்பில் தள்ளினார். சோறு பொங்கியது. பருப்பும் வெந்தது.

நிலமெல்லாம் ஈரம். எங்கே இருந்து சாப்பிடுவது? வரிசையாகக் கிடந்த பாலைக் கட்டைகளில் ஒழுங்கையே குந்தியது. இருந்ததிலேயே பெரிய கட்டையில் மங்கையற்கரசி அக்கா அமர்ந்தார்.

"நல்ல கட்டை தம்பி. ஆடவும் இல்ல, அசையவும் இல்ல."

முதலில் சிரித்தவர் உதயரூபன்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கொள்ளிக்கு வீடு கட்டினன் அக்கா. வீடுதான் கொள்ளி எண்டு இண்டைக்குத்தான் விளங்கிச்சு."

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இந்தக் கோடையில் ஆதம்பாவாவிடம் மறுபடியும் ஒரு பெட்டி வாங்கினார். ஆனால் பச்சையிலேயே கொத்திப் போட்டார். அது காய்ந்ததும் மேனுகா கேளாமலே ஒரு துண்டை எடுத்தாள். அவர் வாய் "மாரிக்கு..." என்று தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போய், உலை கொதித்து முடியும்வரை வீதியில் மேலும் கீழும் நடந்தார். அவரைப் பொறுத்தவரை அது மலை ஏறியதற்குச் சமம்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் உங்கள் கண்ணாடி அலுமாரியை ஒருதரம் திறந்து பாருங்கள். டுபாயிலிருந்து வந்த பீங்கான் செட் பொலித்தீன்கூடக் கழற்றாமல் இருக்கிறதல்லவா? யாராவது முக்கியமான ஆட்கள் வந்தால் எடுக்கலாம் என்றுதானே வைத்திருக்கிறீர்கள்? அப்படியே குசினிப் பக்கமும் எட்டிப் பாருங்கள். விளிம்பு நெளிந்த சோற்றுக் கோப்பையில், எல்லாருக்கும் போட்டுக் கொடுத்த பிறகு மிஞ்சியதை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டு ஒருவர் இருப்பார். அந்த முக்கியமான ஆள் உங்கள் வீட்டுக்கு வந்து வெகுகாலமாகிறது.