கறுப்பு அடிக்க மாட்டேன், மாமா

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகனும், கார் ஷெட்டில் நாம் சொந்தமாகக் கட்டிக்கொண்டிருக்கும் காரின் இரும்புச் சட்டமான சேஸிஸும் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது, நாத்தனார் வீட்டு மாடிப்படிகளை அது எப்படிச் சமாளிக்கிறது என்று அறிய விருப்பம். போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் போனை எடுத்ததும் "கறுப்பு அடிச்சாச்சா?" என்கிறீர்கள், நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிடுகிறீர்கள். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப்போன இந்த ஒன்பது நாளில் ஆறு முறை இப்படி ஆயிற்று. கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு அடிக்கவில்லை. அடிக்கப்போவதும் இல்லை. மஞ்சள் அடித்தாயிற்று.

பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருடம் மேற்பார்வை பார்த்தவர் நீங்கள். கறுப்பு அல்லாத ஒரு சேஸிஸை நீங்கள் கண்ணால் பார்த்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கறுப்பில் விரிசல் விட்டால் தெரியாது, எண்ணெய் கசிந்தால் தெரியாது, துரு ஏறினால் கால்வாசி தின்ற பிறகுதான் தெரியும். நான் பத்தொன்பது வருடமாகப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். பிழைகளைக் கண்டு நான் பயப்படுவதில்லை, கண்ணில் படாத பிழைக்குத்தான் பயப்படுகிறேன். மாலை வகுப்பில் வெல்டிங் கற்றுக்கொண்டு, இரண்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டி, அந்தச் சதுரக் குழாய்களில் ஒவ்வொரு இணைப்பையும் பற்றவைத்தவள் நான். முதல் இருபது இணைப்புகள் கோணல் என்பது எனக்கும் தெரியும். தெரியட்டும். நாற்பத்து நாலு வயதில் மறைத்துவைப்பதற்கு எனக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. இது ஒன்றாவது வெளிச்சத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

நடந்தவற்றை நாத்தனார் மூலமாகத் திரித்துக் கேட்பதைவிட என்னிடமிருந்தே நேராகத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் போன மறுநாளே பெயின்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர், கேட்டுக்கா கிரில்லுக்கா என்று கேட்டார். காருக்கு என்றேன். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்று உறுதியானதும், சார் வரலையா என்றார். சார் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார், கார் என்னுடையது என்றேன். அப்படியா என்று உள்ளே போனவர் ஒரு கறுப்பு டப்பாவோடு வந்தார். உங்களிடம் வேலை பார்த்த ஆளோ என்னவோ. மஞ்சள் என்று சொல்லி, நிற அட்டையில் காலை வெயில் மாதிரி ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தால், சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் நட்டுவைத்துவிட்டுப் போவார்களே, அந்த எச்சரிக்கைப் பலகையின் மஞ்சள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் உங்கள் மகன். மாட்டேன் என்றேன். வீம்பு என்று நினைப்பீர்கள். வீம்புதான்.

அதற்கப்புறம் மூன்று நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், விரல் நுனியில் ரேகை போய்விட்டது, ஆபீஸில் கைரேகை வைக்கிற மெஷின் என்னை யாரென்றே தெரியாது என்றுவிட்டது, தேய்த்த தூளைத் தின்னரில் துடைக்க ஒரு பழைய துணி கேட்டேன், உங்கள் மகன் எடுத்துக் கொடுத்தார், துடைத்து முடித்த பிறகுதான் அது அவருடைய புதுச் சட்டை என்று அவருக்கே தெரிந்தது, பரவாயில்லை என்றார், அவர் எதற்குத்தான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிறகு போல்ட் மாட்டுகிற ஓட்டைகளுக்குள் பெயின்ட் போகக் கூடாதே என்று ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட்டைத் திருகினேன், முப்பத்தாறு ஓட்டைக்கு இருபத்தொன்பது போல்ட்தான் இருந்தது, மீதி ஏழுக்குக் கேரட்டைச் சீவிச் சொருகினேன். சிரிக்காதீர்கள், கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் பெயின்ட் அடித்து முடித்து எண்ணிப் பார்த்தால் ஆறு கேரட்தான் இருக்கு, ஏழாவதைக் காணோம், குழாய்க்குள்ள போயிருக்கணும், ஆட்டினா உள்ள உருளுற சத்தம் கேக்குது. இருந்துட்டுப் போகட்டும். காய்ஞ்சா எடை குறையும்.

தூசி கிளம்பக் கூடாது என்று ஷெட்டுத் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். இது நீங்கள் சொன்னதுதான், நல்ல யோசனை என்றால் யார் சொன்னாலும் எடுத்துக்கொள்வேன். வீட்டில் இரண்டு நாள் பெருக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது, யாரும் தும்மக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தேன். முதல் குழாயை முடித்து நிமிரும்போது உங்கள் மகன் ஷட்டரை முழுசாகத் தூக்கி, டீ போடட்டுமா என்று கேட்டார். அவர் கேட்டது இரண்டு வார்த்தை, கூடவே தெருவில் இருந்த மண் மொத்தமும் உள்ளே வந்தது. பின்னாடியே பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, வாடை அவர் வீட்டுப் பூஜையறை வரைக்கும் வருகிறது என்று குறை சொல்ல ஆரம்பித்தவர், ஈரத்தரையில் வழுக்கி சேஸிஸைப் பிடித்துக்கொண்டார். எழுந்து உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஸ்கூல் பஸ்ஸாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய ஐந்து விரலும் பின்பக்கக் குறுக்குக் குழாயில் பதிந்துவிட்டன. தேய்த்து மறுபடி அடித்தேன். மறுபடி அடித்ததில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டேன். எனக்கும் பொறுமைக்கு ஒரு எல்லை உண்டு.

அடிப்பக்கத்தை முதலில் அடி, மேல்பக்கம் அப்புறம் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. நான் மேல்பக்கத்தைத்தான் முதலில் அடித்தேன். இரண்டு வருட உழைப்பின் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? இப்போது பளபளவென்று நிற்கிறது. நாளைக்குத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம். பிடிக்க ஆள் இருக்கிறது. நீங்கள் இல்லாமல் ஒன்றும் நின்றுபோகவில்லை என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வாசலில் நின்று நீங்கள் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "அந்தக் கலர்ல வண்டி ஓடினா நான் அதுல ஏற மாட்டேன்மா." ஏறாமல் என்ன செய்வதாக உத்தேசம்? இருப்பதே இரண்டு இருக்கை. இடது பக்க இருக்கைக்கு நீங்கள்தான் பலகையில் உட்கார்ந்து அளவு கொடுத்தீர்கள். மடங்காத உங்கள் வலது காலை நீட்டிக்கொள்ள அந்தப் பக்கத்தை நாலு அங்குலம் நீட்டி, இரண்டு குழாயை அறுத்து மறுபடி பற்றவைத்தேன். உங்கள் மகனை உட்காரவைத்துப் பார்த்தேன், அவருடைய கால் எங்கேயும் எட்டவில்லை, குழந்தை மாதிரித் தொங்குகிறது. இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்த இடம் பொருந்தும். அவர் வரவில்லை என்றால் அது காலியாகவே ஓடும். மஞ்சளாகவே ஓடும்.

நேற்று நாத்தனார் பேசினாள். "அண்ணி, அப்பா எங்க மிக்ஸியக் கழட்டிட்டாரு. பூட்டுனதுக்கப்புறம் ரெண்டு ஸ்க்ரூ மிச்சம்னு கையில குடுக்குறாரு. நீங்க எப்ப அந்த மஞ்சளச் சுரண்டுவீங்க?" சுரண்ட மாட்டேன் என்றேன். அடுத்து வாஷிங் மெஷின் என்றாள். அது அவள் பாடு. நீங்கள் அங்கே எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், இங்கே யாரும் காத்திருக்கவில்லை.

உங்கள் மகன் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார். நிறத்தைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார். சேஸிஸுக்கு உங்கள் ஆசி வேண்டாம், எனக்கு மட்டும் போதும்.

இப்படிக்கு,
தன் முடிவில் உறுதியாக உள்ள மருமகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இன்னொரு நாள் ஆகிவிட்டது. இன்று காலை திருப்பினோம். உங்கள் மகன் ஒரு பக்கம், பேங்க் மேனேஜர் ஒரு பக்கம், நான் பின்னால். மூன்று எண்ணியதும் அவர் வலப்பக்கம் திருப்பினார், இவர் இடப்பக்கம் திருப்பினார். நானும் நீங்களும் இதைப் பத்துப் பதினைந்து முறை திருப்பியிருப்போம், நீங்கள் குழாயில் ஒரு தட்டுத் தட்டுவீர்கள், அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசியதில்லை. எப்படியோ கவிழ்த்து, கீறல் விழாமல் இருக்க ஸ்டாண்டின் மேல் செய்தித்தாள் பரப்பி வைத்தோம். பெயின்ட் உள்ளே காயவில்லை என்பது மதியம் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேல்பக்கம் முழுக்கச் செய்தி அச்சாகிவிட்டது. அடிப்பக்கத்தை முதலில் அடித்திருக்க வேண்டும். நீங்கள் சொன்னீர்கள்.

அடிப்பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதற்குக் கறுப்பு டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். கடைக்காரர், சார் சொன்னாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடிதம் கிடைத்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தால் வெயில் ஏறுவதற்குள் திருப்பிவிடலாம்.

மேல்பக்கத்தை மட்டும் மறுபடி தேய்த்து மஞ்சள்தான் அடிப்பேன். காரணம் சொல்கிறேன். பரப்பியது நீங்கள் சேர்த்துவைத்த தாள்கள். முன்பக்கக் குழாயில் உங்கள் குறுக்கெழுத்துப் போட்டி, நீங்கள் பேனாவில் நிரப்பிய எழுத்துகளோடு, இடம் வலமாக மாறிப் பதிந்திருக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்துப் படித்தேன். பதினேழாவது விடை தவறு, மாமா. கறுப்பு அடித்திருந்தால் தெரிந்திருக்காது.