குடிலுக்குள் போன லித்தியக் கல்

“அக்னெஸ், மேசையில இருந்த கல்லெங்க?”

“எந்தக் கல்லு?”

“போர்த்துக்கல்லில இருந்து வந்த லித்தியக் கல்லப்பா! வெள்ளிக்கிழமை பார்சல் வரேக்க லாப் பூட்டியாச்செண்டு வீட்டை கொண்டந்தனான்.”

“ஐயோ, வடிவாயிருக்கெண்டு கோயில் கிறிஸ்மஸ் பாலன் குடிலுக்குக் குடுத்திட்டனே!”

ஜோன்சன் தலையில் கைவைத்தார். ஐரோப்பாவின் கார் பற்றரிகளுக்கு ஐரோப்பிய மண்ணிலேயே லித்தியம் எடுப்பதென்று கிளம்பிய கம்பனி ஒன்று, மொன்றியலின் லாசாலில் அவர் வேலை செய்யும் சின்ன லாப்புக்குச் சோதிக்க அனுப்பிய கல் அது. கம்பனிக்காரி இனேஸ் இன்று பத்து மணிக்கு நேரில் வருகிறாள். கல்லில் லித்தியம் குறைவென்றால் அவளுடைய சுரங்கம் அவ்வளவுதான். கல்லே இல்லையென்றால் ஜோன்சனின் வேலை அவ்வளவுதான்.

கோயிலுக்கு ஓடினார். குடிலில் இருபது கற்கள். இருபதுக்கும் பச்சைப் பெயின்ற்.

போனில் மனைவியிடம் கத்தினார். “ஆரப்பா பெயின்ற் அடிச்சது?”

“நான்தான். மலையெண்டால் பச்சையாத்தானே இருக்கவேணும்?”

பாரம் பார்த்து ஒன்றை உருவினார். கூரை சரிந்தது. மூன்று ராசாக்களில் இருவர் ஒட்டகத்தோடு கவிழ்ந்தார்கள். நிமிர்த்தக் குனிந்தவரின் தலையில் சிறகு விரித்த சம்மனசு விழுந்தது.

லாப்பில் தின்னர் போட்டுப் பச்சையைக் கழுவி, பாதியை உடைத்து, அரைத்து, மெஷினில் வைத்தார். இனேஸ் திரையைப் பார்த்தாள்.

“நாங்கள் நினைத்ததைவிட மூன்று மடங்கு லித்தியம்!” என்று ஜோன்சனைக் கட்டிப்பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. குடில் கட்டிய மாக்கிரட் அக்கா, கையில் ஒரு பச்சைக் கல்லோடு நின்றார்.

“குடிலை இடிச்சதுமில்லாமல், மாதாவுக்குக் கீழ வைச்ச என்ர கல்லையெல்லோ தூக்கிக்கொண்டு வந்திட்டீர்! அக்னெஸ் தந்தது இந்தா, ஆட்டுக்குட்டிக்குக் கீழ கிடந்தது.”

ஜோன்சன் எல்லாவற்றையும் இனேஸிடம் ஒப்புக்கொண்டார். அவள் முகம் வாடியது.

“அப்படியென்றால் இது மொன்றியல் கல்லா? இதை வைத்து ஐரோப்பாவில் நான் என்ன செய்வது?”

தன் கல்லை வேறு லாப்பில் சோதிப்பதாகச் சொல்லி அவள் பையைத் தூக்கினாள். ஜோன்சன் கெஞ்சும் குரலில் கேட்டார்.

“அக்கா, இதை எந்த றோட்டுக்கரையில எடுத்தனீங்கள்?”

“றோட்டுக்கரையோ? நல்லாயிருக்கு கதை! போன வருசம் பத்திமா மாதாவிட்டை யாத்திரை போகேக்க, போர்த்துக்கல்லில பஸ் நிப்பாட்டின இடத்தில, கக்கூசுக்குப் பின்னால பொறுக்கினது. அங்க மலை முழுக்க இதுதான் கிடக்கு!”