ரிசெஸ் என்றால் என்னவென்றால்...

அகராதி பிடித்தவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம்? சொன்ன பேச்சைக் கேட்காதவரை. அவர்களால் பெரிய ஆபத்து கிடையாது. நிஜமாகவே கையில் அகராதியைப் பிடித்துக்கொண்டு திரிகிற ஓர் இனம் உண்டு, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ‘தண்ணீர் வேண்டும்’ என்று கேட்டால், தண்ணீர் என்ற சொல் எப்படிப் பிறந்தது என்று சொல்லி முடித்த பிறகே செம்பைத் தொடுவார்கள். நமக்கு விக்கல் நின்றுபோயிருக்கும், அல்லது மூச்சு.

நம் அகராதியார் அந்த இனத்தில் முதல் தரம். அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். பள்ளி திறக்க ஒரே வாரம். நாற்பது சீருடைகள் துணியாகவே கிடந்தன. உள்ளறை குறுகல். தையல் மெஷினைப் போட்டால் கட்டில் இடிக்கும். புதிதாக எழுப்பும் தடுப்புச் சுவரில் மெஷினுக்கென்று ஒரு குழிவு விட்டுவிட்டால் தீர்ந்தது. என்ஜினீயரான அந்த அம்மாளின் தம்பி வரைபடம் போட்டு, அந்த இடத்தில் ‘ரிசெஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தான்.

காலையில் துணிக்கடைக்குக் கிளம்பும்போது அந்த அம்மாள் வாசலிலிருந்து திரும்பி வந்து சொன்னார்: “ஏங்க, மேஸ்திரி கேட்டா, மெஷினுக்குக் குழி விடணும்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

“எனக்குத் தெரியாதா?” என்றார் அகராதியார். தெரியும் என்பதுதானே வினையே!

நாலு வரிசை செங்கல் ஏறியதும் மேஸ்திரி வரைபடத்தை நீட்டினார். “இதுல என்ன சார் எழுதியிருக்கு?”

ஆகா! ஒரு மனிதர் தானாக வந்து சொல்லுக்குப் பொருள் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! அகராதியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மேஸ்திரியை நாற்காலியில் உட்காரவைத்தார். “இது ரிசெஸ். பின்வாங்குறதுன்னு லத்தீன்ல அர்த்தம். பள்ளிக்கூடத்துல மணி அடிச்சு விடுறாங்களே, அது ரிசெஸ். கோர்ட்டுல ஜட்ஜ் எழுந்து உள்ளே போறாரே, அதுவும் ரிசெஸ்.”

“அப்ப இந்த இடம் வந்ததும் இடைவேளை விடணுமா சார்?”

“அவசரப்படாதீங்க. நான் இன்னும் முதல் பொருளையே முடிக்கலை.”

“கலவை காயுது சார்.”

“ரெண்டே நிமிஷம். புத்தகத்தோட வரேன்.”

கூடத்துச் சுவரில் ஆழமான ஒரு மாடம். அதில்தான் அவருடைய அகராதிகள் வரிசையாகக் குடியிருந்தன. தடித்த ஒன்றை உருவினார். சொல் கிடைத்தது. ஆனால் அதற்குப் பக்கத்துச் சொல் சும்மா இருக்குமா? அது கூப்பிட்டது. அதற்கடுத்தது கையைப் பிடித்து இழுத்தது. ரிசெஸுக்குக் குழிவு, மாடம், பிறை என்று மூன்று தமிழ்ச் சொற்களைக் குறித்துக்கொண்டு அவர் வெற்றியோடு திரும்பியபோது, சுவர் கூரையைத் தொட்டிருந்தது. முழுச் சுவர். ஒரு பல்லி ஒட்டக்கூடக் குழிவு இல்லை.

“நீங்க சொன்னபடியே அந்த இடம் வந்ததும் இடைவேளை விட்டோம் சார். டீ குடிச்சுட்டு மறுபடி ஏத்திட்டோம்” என்றார் மேஸ்திரி. “இப்ப கை வெச்சா சுவர் மொத்தமும் ஆடிடும். ஒரு வாரம் போகட்டும்.”

மனைவி வந்தார். சுவரைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து அகராதியார் ஜன்னலோரம் ஒதுங்கினார். அந்த அம்மாளோ கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

“அகராதி வெச்சிருக்கீங்களே, அந்த இடத்துக்கு என்ன பேரு?”

கேள்வி கேட்டால் அந்த நாக்கு சும்மா இருக்குமா? “அதுவும் ரிசெஸ்தான்!” என்றார் உற்சாகமாக.

சாயங்காலம் மெஷின் அந்த மாடத்தில் கச்சிதமாகப் பொருந்தி ஓடிக்கொண்டிருந்தது. அகராதிகள் கட்டிலுக்கு அடியில் தூசியோடு படுத்திருந்தன. இரண்டு நாள் கழித்துத் தம்பி போன் செய்தான்.

“அக்கா என்ன பண்றா மாமா?”

“தைக்கிறா. என்கிட்ட பேச்சு மட்டும் ரிசெஸ்” என்றார் பாவம். “முதல் பொருள்ல.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவில் எங்கேயோ, ‘அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டே, இவர் விட்டுவிட்டாரே’ என்று உங்கள் உதடு லேசாக முணுமுணுத்ததே, அது என்ன? புத்தகத்தை மூடிவிட்டு ஓடிப் பாருங்கள். உங்கள் வீட்டில் கலவை காய்கிறது.